குஞ்சு செத்தது எத்தனாவது நாள்?

கோழிக்குஞ்சு சாகிறது என்று கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் கூப்பிடுவார்கள்: "டாக்டர், என்ன மருந்து வாங்கட்டும்?" அனுபவப்பட்ட மருத்துவர் அதற்கு உடனே பதில் சொல்லிவிட மாட்டார். "குஞ்சு எறக்கி எத்தனை நாளாச்சுங்க?" என்று திருப்பிக் கேட்பார். கழிச்சல் என்ன நிறம், இறக்கை தொங்குகிறதா, தீனி எடுக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்தான்.

இரண்டாம் நாள் சாகப்போகும் குஞ்சும் இருபதாம் நாள் சாகப்போகும் குஞ்சும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கண் சொருகும், மயிர் சிலிர்க்கும், இறக்கை தொங்கும், மூலையில் போய் ஒடுங்கும். கோழி இனத்துக்கு நோயைக் காட்டிக்கொள்ளத் தெரிந்த வழி அவ்வளவுதான். காரணங்களோ ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. அதனால்தான் அறிகுறியைவிட நாள்கணக்கு பெரிய துப்பாகிறது.

கணக்கு முட்டைக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. கோழிமுட்டை பொரிய 21 நாள். அதில் 19ஆம் நாள் வாக்கில், அதுவரை உடலுக்கு வெளியே பையாக இருந்த மஞ்சள் கரு தொப்புள் வழியாகக் குஞ்சின் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. பின்னாலேயே தொப்புள் மூடிக்கொள்ள வேண்டும். ஓட்டை உடைத்து வெளியே வரும் குஞ்சின் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை இந்த மஞ்சள் கருவாக இருக்கலாம். தாய் கட்டிக்கொடுத்து அனுப்பிய கட்டுச்சோறு அது. அடைக்கோழி எல்லா முட்டையும் பொரியும்வரை எழுந்திருக்காது; முதலில் பொரித்த குஞ்சு மற்றவை வெளியே வரும்வரை காத்திருந்தாக வேண்டும். அந்தக் காத்திருப்புக்கு இயற்கை செய்த ஏற்பாட்டை மனிதன் வியாபாரமாக்கிக்கொண்டான். அமெரிக்க அஞ்சல் துறை 1918 முதல் ஒருநாள் குஞ்சுகளைத் தபாலில் அனுப்பிவருகிறது. நம் ஊரில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிகள் வேனிலும் பஸ்ஸிலும் போகின்றன.

"மூணு நாள் தீனியில்லாம தாங்கும்" என்கிற பேச்சு அதிலிருந்து வந்தது. தாங்கும் என்பது உண்மை. அதற்காகக் காயப்போட வேண்டியதில்லை. மஞ்சள் கருவில் கொழுப்பும் புரதமும் மட்டுமல்ல, தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்களும் இருக்கின்றன. அவை பசியாற்ற வைத்த பொருள் அல்ல. இஸ்ரேலின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்க்லானும் சகாக்களும் செய்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. சீக்கிரம் தீனி கிடைத்த குஞ்சுதான் மஞ்சள் கருவையும் சீக்கிரம் செலவழிக்கிறது. குடல் அசைந்தால் கரு குடலுக்குள் இறங்குகிறது. பட்டினி கிடந்தால் அது வயிற்றிலேயே தேங்குகிறது. உடல் வெப்பத்தில் தேங்கிக் கிடக்கும் மஞ்சள் கரு கிருமிக்கு எப்பேர்ப்பட்ட விருந்து என்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் இரண்டு நாள் சாவில் கிருமிக்குப் பெரும்பாலும் பங்கே இருக்காது. பயணம், தண்ணீர், சூடு இந்த மூன்றில் ஒன்றுதான். பெட்டியிலிருந்து எடுத்ததும் குஞ்சின் காலைப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். கால் தோல் வற்றிச் சுருங்கி, நரம்பு புடைத்துத் தெரிந்தால் உடலில் நீர் வற்றியிருக்கிறது. பண்ணைக்காரர்கள் முதலில் தண்ணீர் காட்டி, பிறகே தீவனம் வைப்பது இதனால்தான். அந்தத் தண்ணீரில் வெல்லமோ குளுக்கோஸோ கலப்பது நல்ல பழக்கம். பத்துப் பதினைந்து குஞ்சின் அலகையாவது ஒவ்வொன்றாகத் தண்ணீரில் தொட்டுக் காட்டுவது அதைவிட நல்ல பழக்கம். குடிக்கக் கற்ற ஒன்றைப் பார்த்து மற்றவை கற்றுக்கொள்ளும்.

சூட்டு விஷயம் இன்னும் நுட்பமானது. வளர்ந்த கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸுக்கு மேல். அன்று பொரித்த குஞ்சுக்கு அதைவிட ஒன்றிரண்டு டிகிரி குறைவு. தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதுவரை அது சுற்றுப்புறத்தின் தயவில் இருக்கிறது. குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் அடைப்பான புரூடரில், முதல் வாரம் குஞ்சின் முதுகு மட்டத்தில் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம் என்பது எல்லாக் கையேடுகளிலும் இருக்கிற கணக்கு. தமிழ்நாட்டில் இதைப் படிப்பவர் "நம்ம ஊர் வெயிலுக்கு புரூடர் எதுக்கு?" என்று நினைக்கக்கூடும். பகலில் அது சரியாகவே இருக்கலாம். மார்கழி இரவில் கொங்குப் பக்கம் வெப்பநிலை 20 டிகிரிக்கு அருகில் இறங்கும்போது குஞ்சுக்கு வேண்டிய சூட்டுக்கும் காற்றுக்கும் 15 டிகிரி வித்தியாசம். விடியற்காலை மூன்று மணிக்குச் சூடு போதாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அடியில் சிக்கியவை மூச்சுமுட்டிச் செத்துக்கிடக்கும். காலை எட்டு மணிக்கு வந்து பார்ப்பவர் கண்ணுக்கு ஷெட் கதகதப்பாகத்தான் இருக்கும். அதனால் "ராத்திரியில ஏதோ நோய் வந்துருச்சு" என்று முடிவு கட்டுவார்.

இங்கே அண்மைக்காலத்துச் சிக்கல் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. குஞ்சுக்கு ஒன்று முதல் இரண்டு வாட் என்ற பழைய கணக்கு குண்டு பல்புக்காகச் சொல்லப்பட்டது. குண்டு பல்பு மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாகவே வீணடிக்கும். புரூடருக்கு வேண்டியது அந்த வீணான பகுதிதான். அதே இடத்தில் எல்இடி பல்பை மாட்டினால் வெளிச்சம் ஜோராக வரும். குஞ்சு நடுங்கும்.

தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் குஞ்சு இருக்கிறது. பல்புக்கு நேர் கீழே குவிந்து கீச்சுக் குரலில் விடாமல் கத்தினால் குளிர். தகட்டுத் தடுப்பை ஒட்டி ஒதுங்கி, வாய் பிளந்து, இறக்கையை அகட்டிக்கொண்டிருந்தால் அதிகச் சூடு. எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எங்கிருந்தோ காற்று அடிக்கிறது. அங்கங்கே பரவி, சில தின்ன, சில படுக்க, தாழ்ந்த குரலில் முணுமுணுத்துக்கொண்டிருந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டுமானால் ஒரு குஞ்சைக் கையில் எடுத்து அதன் பாதத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கலாம். சில்லென்று இருந்தால் தரை குளிர்ந்திருக்கிறது, மேலே எத்தனை பல்பு எரிந்தாலும் சரி. இறக்கிய 24 மணி நேரத்தில் தொண்டைக்குக் கீழே தீனிப்பையைத் தடவிப் பார்ப்பதும் பெரிய பண்ணைகளில் வழக்கம். நூற்றில் 95 குஞ்சுக்காவது அது மெத்தென்று நிறைந்திருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் தீனி தின்றிருக்கிறது, தண்ணீர் கிடைக்கவில்லை. தளதளவென்று நீராக மட்டும் இருந்தால் தீனி எட்டவில்லை.

குளிரும் அலைச்சலும் பட்ட குஞ்சுக்கு மறுநாள் வருவது பின்பக்கம் அடைத்துக்கொள்வது. எச்சம் மயிரில் ஒட்டி, காய்ந்து, துவாரத்தை மூடிவிடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து மெல்ல எடுத்தால் போதும்; பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். புதிதாக வளர்ப்பவர்கள் இதில் ஒரு விபரீதம் செய்துவிடுவதுண்டு. துவாரத்துக்குச் சற்று முன்னால், வயிற்றுப் பக்கம், தொப்புளின் காய்ந்த பொருக்கு கறுப்பாக ஒட்டியிருக்கும். அதையும் எச்சம் என்று நினைத்துக் கிள்ளி எடுத்தால் மூடிய கதவைத் திறந்துவிட்ட கதைதான்.

கரண்ட் போகும்போது கரி அடுப்பைப் புரூடருக்குள் வைப்பது கிராமத்துப் பண்ணைகளில் பழைய வழக்கம். தார்ப்பாயை நாலா பக்கமும் இறக்கிவிட்டு, உள்ளே கரி எரிந்தால், கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனை முந்திக்கொண்டு ஒட்டிக்கொள்ளும். அப்படிச் செத்த குஞ்சை அறுத்தால் ரத்தம் வழக்கத்துக்கு மாறாகப் பளிச்சென்ற செந்நிறத்தில் இருக்கும். மேற்புறக் காற்றோட்டத்தை ஒருபோதும் அடைக்கக் கூடாது என்பது இதற்காகத்தான். வாயு விஷயத்தில் கோழி மனிதனைவிடப் பலவீனமானது. மிசூரி பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பண்ணை ஒன்றில் குஞ்சுகளை இறக்கிய மூன்று நாளுக்குள் பாதிக்கும் மேற்பட்டவை செத்துப்போயின. கிருமி எதுவும் அகப்படவில்லை. கடைசியில் பிடிபட்டது சூடேற்றும் பல்பு. உடையாமலிருக்க அதன் கண்ணாடிமேல் டெஃப்லான் வகைப் பூச்சு பூசப்பட்டிருந்தது. சூட்டில் அது வெளிவிட்ட புகை குஞ்சுகளின் நுரையீரலைப் பொசுக்கியிருந்தது. 2000ஆம் ஆண்டில் அது ஆய்வறிக்கையாக வெளிவந்தது. புரூடரில் சாவு கண்டவர் மேலேயும் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பது நல்லது.

மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சாவு கூடினால் அப்போதுதான் தொப்புள் பக்கம் சந்தேகம் திரும்ப வேண்டும். வயிறு உப்பி, தொட்டால் கொழகொழவென்று, தொப்புள் ஈரமாகவும் சிவந்தும், துர்நாற்றத்தோடு இருந்தால் மஞ்சள் கருப்பையில் கிருமி பிடித்திருக்கிறது. பெரும்பாலும் ஈ.கோலை, சில நேரம் வேறு பாக்டீரியாக்கள். இதில் வேடிக்கை என்னவென்றால் புரூடரை எவ்வளவு கழுவினாலும் இது நிற்காது, ஏனென்றால் இது புரூடரில் வந்ததல்ல. அழுக்கு முட்டையை அடை வைத்தது, முட்டையைப் பச்சைத்தண்ணீரில் கழுவியது, பொரிப்பானில் ஈரப்பதம் கூடி தொப்புள் மூடாமல் போனது என்று மூன்று வாரத்துக்கு முந்தைய தவறு இப்போது பலிவாங்குகிறது. குளிர்ந்த நீர் பட்டால் முட்டையின் உள்ளடக்கம் சுருங்கும். சுருங்கும்போது ஓட்டின் நுண்துளைகள் வழியே வெளியிலிருக்கும் நீரையும் கிருமியையும் உள்ளே உறிஞ்சும். முட்டையைச் சுத்தமாக வைக்கிறேன் என்று குளத்துத் தண்ணீரில் அலசி எடுப்பவர் அழுக்கை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறார். உப்பிய வயிற்றுக் குஞ்சு பிழைப்பது அரிது. ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பெரிதாகப் பரவுவதும் இல்லை என்பதால் ஒரு வாரத்தில் சாவு தானாகவே ஓயும். அந்த ஒரு வாரம் தண்ணீரில் கலந்த மருந்துக்குக் கிடைக்கும் பெயர் பலநேரம் தகுதியில்லாத பெயர்.

அதே நாட்களில் வாய் பிளந்து, கழுத்தை நீட்டி மூச்சு வாங்கும் குஞ்சுகள் வேறு கதை. கூர்ந்து கேட்க வேண்டும். மூச்சில் கரகரப்பு இல்லாமல் சத்தமின்றித் திணறினால் பூஞ்சைக் காய்ச்சலை நினைக்க வேண்டும். ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை ஈரம்பட்ட உமியிலும் நிலக்கடலைத் தோலிலும் வளர்ந்து, பொடிப்பொடியான வித்துகளைக் காற்றில் விடுகிறது. அறுத்தால் நுரையீரலில் வெண்மஞ்சள் மணிகள் தெரியும். மருந்து கிடையாது. கூளத்தை மாற்றுவதுதான் வழி. கையில் அள்ளிய உமியில் முடைநாற்றம் வந்தால் அதைக் குஞ்சுக்கு விரிக்கவே கூடாது. உமிமேல் முதல் சில நாள் செய்தித்தாள் விரிப்பவர்கள் உண்டு. வழுவழுத்த தாளில் கால் வழுக்கி, தொடை இரண்டு பக்கமும் அகன்று நடக்க முடியாமல் போகிற குஞ்சுகளும் உண்டு. சாக்கு விரித்தால் அந்தத் தொல்லை இல்லை.

இரண்டாம் வாரத்தில் சாவு ஏறினால் பட்டியலில் புல்லோரம் என்ற நோய் வந்துவிடுகிறது. பின்பக்கம் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளைக் கழிச்சல், கத்திக்கொண்டே எச்சமிடும் குஞ்சு, கூட்டம் கூட்டமாகச் சாவு. 1899இல் அமெரிக்காவின் லியோ ரெட்கர் இதற்குக் காரணமான சால்மொனெல்லா பாக்டீரியாவை அடையாளம் கண்டார். கிருமி தாயின் சூலகத்தில் குடியிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வருகிறது. தாய் பார்வைக்குச் சுகமாகவே இருக்கும். எனவே குஞ்சுக்கு மருந்து கொடுத்து ஒழிக்கிற நோயல்ல இது. இறக்கை நரம்பில் எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தைச் சாயம் ஏற்றிய கிருமிக் கரைசலோடு வெள்ளை ஓட்டில் கலந்தால், நோய் சுமக்கும் கோழியின் ரத்தம் இரண்டு நிமிடத்தில் திரித்திரியாகும். அத்தகைய தாய்க்கோழிகளைத் தேடித்தேடிக் கழித்துக்கட்டும் தேசியத் திட்டத்தை 1935இல் அமெரிக்கா தொடங்கியது. அங்கே பெரிய பண்ணைகளிலிருந்து இந்த நோய் போயேவிட்டது.

தமிழ்நாட்டில் வெள்ளைக் கழிச்சல் என்றதும் ராணிக்கெட்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். தடுப்பூசி போட்ட தாயின் குஞ்சுக்கு முதல் இரண்டு வாரத்தில் அது வருவது அபூர்வம். மஞ்சள் கருவில் வந்த எதிர்ப்புச் சக்தி காக்கும். அந்தக் கையிருப்பு கரையத் தொடங்குமுன் 5 முதல் 7ஆம் நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து விடுகிறார்கள். தடுப்பூசியே காணாத ஊர்க்கோழியின் குஞ்சுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

கிருமியைத் தேடிப்போய் தீவனத்தில் மாட்டிய கதை ஒன்று உண்டு. மருத்துவ வரலாற்றிலேயே பேர்பெற்றது. 1880களின் இறுதியில் டச்சுக்காரர் ஆளுகையில் இருந்த ஜாவாவின் பட்டாவியா நகரில், கிறிஸ்டியான் எய்க்மன் என்ற ராணுவ மருத்துவர் பெரிபெரி நோய்க்குக் கிருமி தேடிக்கொண்டிருந்தார். ஆய்வுக்கூடத்துக் கோழிகள் திடீரென்று கால் தள்ளாடி விழத் தொடங்கின. கிருமி செலுத்திய கோழிகள் விழுந்தன, செலுத்தாதவையும் விழுந்தன. தொற்று என்று நினைத்துத் தனித்தனியாகப் பிரித்து வைத்தார். அப்போதும் விழுந்தன. பிறகு ஒருநாள் எல்லாம் தாமாகவே எழுந்து நின்றுகொண்டன. விசாரித்தபோதுதான் தெரிந்தது: கோழி பார்த்துக்கொண்ட ஊழியர் செலவை மிச்சப்படுத்த ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைப் போட்டுவந்தார். புதிதாக வந்த சமையல்காரர், பட்டாளத்துச் சோற்றைச் சிவிலியன் கோழிக்குக் கொடுக்க மாட்டேன் என்று நிறுத்திவிட்டார். கோழிகள் மறுபடி தவிட்டோடு கூடிய அரிசி தின்று தேறிக்கொண்டன. தவிட்டில் இருந்தது பின்னாளில் தயாமின் என்ற வைட்டமின் பி1 ஆயிற்று. எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

வீட்டுக் குஞ்சுகளுக்கு நொய்யரிசி மட்டும் இறைப்பவர்கள் கவனிக்க வேண்டிய கதை இது. தாய் கொடுத்த வைட்டமின் கையிருப்பு தீரும் இரண்டாம் வாரத்தில் சில குஞ்சுகள் கால்விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டு, கணுக்காலால் நகரத் தொடங்கும். கண்ணில் தெளிவு இருக்கும், பசியும் இருக்கும். அது பி2 குறைவு. சீக்கிரம் பி காம்ப்ளெக்ஸ் கொடுத்தால் எழுந்துவிடும்; நாள் கடந்தால் நரம்பு சேதம் நிலைத்துவிடும். தாய்க்கோழியோடு திரியும் குஞ்சு புழுவும் பூச்சியும் கொத்தி இதை ஈடுகட்டிக்கொள்ளும். பானையில் சாணமும் கந்தல் சாக்கும் போட்டுக் கவிழ்த்து வைத்துக் கரையான் பிடித்துப் போட்ட அந்தக்கால ஆத்தாக்களுக்கு வைட்டமின் தெரியாது, ஆனால் குஞ்சு வளரும் வழி தெரிந்திருந்தது. புரூடருக்குள் அடைத்த குஞ்சுக்கு அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது.

ரத்தக் கழிச்சல் மூன்றாம் வாரத்து விருந்தாளி. ஐமீரியா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் ஈரக்கூளத்தில் ஒன்றிரண்டு நாள் கிடந்து முதிர்ந்த பிறகே தொற்றும். குடலுக்குள் போனபின் பல்கிப் பெருகி ரத்தம் வரவைக்க இன்னும் சில நாள் வேண்டும். ஆகவே மூன்றாம் நாளே எச்சத்தில் சிவப்பு தெரிந்தால் அது ரத்தக் கழிச்சல் அல்ல. குடலின் உள்தோல் உரிந்து வருவதை ரத்தம் என்று மயங்குவதே அதிகம். இடையிடையே வரும் அரக்குநிற, பசை போன்ற, மூக்கைத் துளைக்கும் எச்சமும் இயல்பானதுதான். குடல்வால் பைகள் தம்மைக் காலி செய்துகொள்வது அது. நிஜமாகவே ரத்தக் கழிச்சல் வந்தால் கொடுக்கும் ஆம்ப்ரோலியம் மருந்துக்கும் எய்க்மன் கோழிகளுக்கும் தொடர்புண்டு. இந்த மருந்தின் வடிவம் தயாமினைப் போன்றது. ஒட்டுண்ணி அதைத் தயாமின் என்று விழுங்கி ஏமாந்து பட்டினியில் சாகிறது. "குஞ்சு சோர்ந்திருக்கே" என்று அதே தண்ணீரில் பி காம்ப்ளெக்ஸையும் கலந்தால் ஒட்டுண்ணிக்குச் சோறு போட்ட மாதிரி. மருந்து முடித்தபின் வைட்டமின் கொடுப்பதே முறை.

இத்தனை காரணத்தில் ஆன்டிபயாடிக் பலன்தரக்கூடியவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல்கூட வேண்டாம். ஆனாலும் முதல் சாவு விழுந்ததும் மெடிக்கலில் டெட்ராசைக்ளின் வாங்கித் தண்ணீரில் உடைத்துப் போடும் வழக்கம் இன்னும் போகவில்லை. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கோலிஸ்டினைக்கூடத் தீவனத்தில் கலந்துவந்தார்கள். மத்திய அரசு 2019இல் அதற்குத் தடை போட வேண்டியதாயிற்று.

மூன்று நாளில் நூற்றுக்கு ஒன்று சாவது யாருக்கும் நேர்வது. அதற்கு மேல் போனால் செத்த குஞ்சைக் குழிதோண்டிப் புதைக்குமுன் பரிசோதனைக்குக் கொடுப்பது புத்திசாலித்தனம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் அறுத்துப் பார்த்துச் சொல்வார்கள். புதிதாகச் செத்தவை சிலவும் சாகக்கிடப்பவை சிலவும் வேண்டும். செத்தவற்றைப் பாலித்தீன் பையில் போட்டு ஐஸ்கட்டிகளுக்கு நடுவே கொண்டுபோகலாம். ஃப்ரீசரில் உறையவைத்தால் திசு சிதைந்து எதுவும் தெரியாது. தீவனத்தில் ஒரு பிடியும், பொரித்த தேதியும், எந்த நாளில் எத்தனை செத்தன என்ற குறிப்பும் கூடவே போக வேண்டும். மேசையில் மருத்துவர் முதலில் தொப்புளைப் பார்ப்பார், பிறகு மஞ்சள் கருவை, நுரையீரலை, குடலை. சில குஞ்சுகளில் அதெல்லாம் சுத்தமாக இருக்கும். சிறுநீரகம் மட்டும் வீங்கி, யூரிக் அமிலம் படிந்து வெளுத்திருக்கும். தண்ணீர் எட்டாத குஞ்சு அது. வீட்டுக்குப் போய்த் தண்ணி டப்பாவின் உயரத்தை இறக்கிவைக்கச் சொல்லி அனுப்புவார்.